ஒரு கால் வெட்டு

பொங்கலூரைத் தாண்டினால் காற்றாலைகள்.
அதுக்கு இக்கட்ட, கோழிப்பண்ணைக்கு அக்கட்ட
ஒரு தகரக் கொட்டகை.
நாங்கள் அங்கே செய்வது கொக்கி.
யாரும் அப்படிச் சொல்வதில்லை.
பில்லில் டேப், கடையில் வெல்க்ரோ,
பஸ் நடத்துநருக்கு
"கர்ர்ர் கம்பெனி எல்லாம் எறங்கு."

நைலான் நரம்பு உருளையில் வருகிறது,
தூண்டில் கயிற்றின் ஒன்றுவிட்ட தங்கை.
தறியில் எஃகுக் கம்பிகளின் மேல் ஏறிக் குனிந்து
ஏறிக் குனிந்து
வரிசையாய் வளையமாகிறது.
துஷ்மந்த் ஒடியாவில் எண்ணுகிறான்,
பாவு அறுந்தால் மட்டும் தமிழில் திட்டுகிறான்.
பிறகு சூட்டுப்பெட்டி.
நைலானுக்கு ஞாபகம் வருவது அதற்குள்தான்:
வெளியே வந்தபின் யார் நிமிர்த்தினாலும்
குனிந்த நிலைக்கே திரும்பும்.
முதுகில் பசை. காய்ச்சல் ஆறும்வரை ஓட்டம்.

இன்னும் அது கொக்கி இல்லை.
மூடிய வளையம் எதையும் பிடிக்காது,
தன்னையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

கிட்டுசாமி கத்தி வைக்கிறார்.
நட்டநடுவில் வெட்டினால்
இந்தப்பக்கம் ஒரு குச்சி, அந்தப்பக்கம் ஒரு குச்சி.
நியாயமான பங்கு, உதவாத பங்கு.
ஓரமாய், ஒரு காலை மட்டும் அறுக்க வேண்டும்.
மற்ற கால் தலை கவிழ்ந்து நிற்கும்.
அந்தக் கவிழ்ப்பில்தான் சம்பளம்.

மறுபாதி பக்கத்துக் கொட்டகையில்.
அங்கே நூல் மெத்து, வேலை நேர்மாறு:
கம்பிச் சீப்பு சுற்றிச் சுற்றி
நெய்ததையெல்லாம் கலைத்துவிடும்.
தலை வாரிய துணியில் கொக்கிக்குப் பிடி ஏது?

நான் லேப்.
இரண்டையும் ஒட்டி உருளை ஏற்றி உரித்துப் பார்ப்பவள்.
திரையில் ரம்பப் பல்லாய் ஒரு கோடு,
ஒவ்வொரு பல்லும்
சில கொக்கிகள் விட்டுக்கொடுத்த இடம்.
பேருந்து நிறுத்தத்திலிருந்து கொறங்காட்டுக் குறுக்குவழி;
சுடிதாரில் ஏறிவந்த நாயுருவியை
ஒருநாள் லென்ஸில் வைத்தேன்.
கொக்கியே இல்லை, பின்னோக்கிய முள்தான்.
அதற்கு ஒரே பயணம்.
எங்களுடையது பத்தாயிரம் தடவை
பிடித்து, விட்டு, பிடிக்க வேண்டும்.

பங்குனியில் ஒரு செவ்வாய், ராத்திரி ஷிப்ட்.
நாலாயிரம் மீட்டர்.
நிறம் சரி, அகலம் சரி, கோடு மட்டும்
செத்த நாடிபோலப் படுத்துக் கிடந்தது.
நிறுத்தச் சொல்லிச் சிவப்பு அட்டை மாட்டினேன்.
மேனேஜர் தேவசேனாதிபதி தடவிப் பார்த்தார்:
"கண்ணுக்கு நல்லாத்தான் இருக்குதுங்க அம்மிணி."
உடைந்த கைக்குத் தொட்டில் தைக்கிற ஆர்டர் அது.
அவர் கையையே மடக்கி, தொட்டிலில் வைத்து ஒட்டினேன்.
"விட்டுருங்க சார்."
கை கேட்கவில்லை, டேப்தான் விட்டது.
மெதுவாக, மரியாதையாக,
கர்ர் என்ற சத்தம்கூட இல்லாமல்.

கிட்டுசாமி கத்தியைக் கழற்றினார்.
அடியில் தேய்ந்த ஒரு வாஷர்.
முடியளவு இறங்கியிருக்கிறது,
வெட்டு நடுவுக்கு நகர்ந்திருக்கிறது.
உள்ளங்கையில் அதை வைத்துக்கொண்டு
காப்பி ஆறும்வரை பேசவில்லை.

போன வருடம் இதற்கு எதிர் வழக்கு.
பிடி அப்படி ஒரு பிடி.
அதற்கும் நான்தான் சிவப்பு அட்டை.
"கெட்டியா இருந்தா தப்புங்களா?" என்றார் இதே மேனேஜர்.
தப்புதான்.
கட்டுப்போட்டவருக்கு மிச்சமிருப்பது
ஒரு கை, அதுவும் இடது.

நாலாயிரம் மீட்டரும் மூலையில் கிடந்தது ஆடிவரை.
காற்றில் கொட்டகை தடதடக்கும் ஒரு பொழுதில்
குண்டடத்துத் தக்காளிக்காரர் மொபெட்டில் வந்தார்,
செடி கட்டக் கேட்டார், கிலோ விலை.
"இது ஒட்டாதுங்க" என்றேன்.
"ஒட்டி என்னத்துக்குங்க,
முடிச்சுப் போட்டுக்குவேன்."